இந்திராதேவி சொன்ன விலை

இந்திராதேவி எந்த விலையையும் உள்ளபடி சொன்னதில்லை. எப்போதும் குறைத்தே சொல்வார். நாற்பது ஈரோவுக்கு வாங்கிய சப்பாத்து வீட்டு வாசலைத் தாண்டும்போது இருபத்தைந்தாகிவிடும். விலை மட்டுமல்ல. கடையில் பத்து மணித்தியாலம் நின்றுவிட்டு வந்தால் எட்டு என்பார். காய்ச்சல் முப்பத்தொன்பதைத் தாண்டினாலும் முப்பத்தெட்டுத்தான் என்று சொல்லி வெப்பமானியை உதறி வைத்துவிடுவார்.

மகள் அஜந்தா இதைக் கண்டுகொண்டது பத்து வயதில். பியர்ஃபித்தில் அவர்களுடைய தொடர்மாடியில் அடுத்த கதவு டிலானியுடையது. இந்திராதேவி சொன்ன விலையை நம்பி லா சப்பல் சேலைக்கடை ஒன்றுக்குப் போன டிலானி, அதே சேலையை அதே விலைக்குத் தரவேண்டும் என்று முக்கால் மணித்தியாலம் சண்டை பிடித்துவிட்டு வந்தார்.

"அக்கா, உங்களுக்கு அறுபதுக்குக் குடுத்தவன் எனக்கு ஏன் நூற்றிப்பத்துக் கேக்கிறான்? நான் என்ன, அவன்ரை தேப்பனைக் கடிச்சனானோ?"

"முகத்தைப் பாத்துத்தானே விலை சொல்லுறவங்கள்," என்றார் இந்திராதேவி, வெங்காயத்தை வெட்டியபடி.

வீட்டில் அதற்கு 'அம்மா விலை' என்று பெயர் விழுந்தது. உணவகமொன்றில் இருபத்தாறு வருடங்களாகக் கோப்பை கழுவும் அப்பா தவரத்தினம், எதை எடுத்தாலும், "இது அம்மா விலையோ, கடை விலையோ?" என்று கேட்பார். அஜந்தா ஒன்றும் கேட்பதில்லை. மனதுக்குள் இரண்டால் பெருக்கிக்கொள்வாள். பெரும்பாலும் சரியாக வரும்.

லா சப்பலில், மேலே மெட்ரோ ஓடும் பாலத்திலிருந்து நாலாவது கட்டடம் துஷ்யந்தனின் மளிகைக்கடை. அதன் பின்பக்கத்தில், உறைந்த மீனை வெட்டித் துப்புரவாக்கிப் பையில் போடுவது இந்திராதேவியின் வேலை. பத்தொன்பது வருடங்கள். குளிர் அறைக்குள் போவார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார், மின்வாளில் கொடுத்து அறுப்பார். குடலில் வந்த புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றியபின் அந்தக் குளிரே அவருக்கு எதிராகத் திரும்பியது. விரல்நுனிகள் எப்போதும் மரத்துக் கிடந்தன. ஆனால் குளிர்ந்த எதையாவது தொட்டால் மரத்த விரல் நெருப்பில் வைத்ததுபோல் எரிந்தது. மருந்து நரம்பைத் தின்றுவிட்டது, சிலருக்கு அது திரும்பி வருவதில்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். இந்திராதேவி கம்பளிக் கையுறை போட்டு, அதன்மேல் ரப்பர் கையுறை போட்டு, வேலைக்குத் திரும்பினார்.

கொடுத்த குளிசைகள் ஒவ்வொன்றாய்த் தோற்றன. ஒன்று தலைசுற்ற வைத்தது. ஒன்று நாள்முழுக்க நித்திரையாக்கியது. ஒன்று ஒன்றுமே செய்யவில்லை. கடைசியில், இரண்டாயிரத்து இருபத்துநாலு மார்ச்சில், வலிக்கென்றே இருக்கும் ஒரு பிரிவுக்கு அனுப்பினார்கள். பிரெஞ்சில் மொழிபெயர்க்க அஜந்தா கூடப்போனாள்.

அதில் புதிதாக ஒன்றுமில்லை. ஒன்பது வயதிலிருந்தே அவள்தான் அந்த வீட்டின் வாய். வதிவிட அட்டை கொடுக்கும் பிரிஃபெக்சரில், வங்கியில், தன்னுடைய பள்ளிக்கூடத்தில் தன்னைப் பற்றிய முறைப்பாட்டைக்கூட அவளே மொழிபெயர்த்திருக்கிறாள். அம்மா அவளுக்குச் சொல்லிவைத்திருந்த விதி ஒன்றுதான். "நான் சொன்னதைச் சொல்லு, பிள்ளை. ஒண்டும் கூட்டாதை, ஒண்டும் குறையாதை." எல்லாவற்றையும் குறைக்கிற மனுசி இப்படிச் சொல்வதிலுள்ள வேடிக்கை அவளுக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போனபிறகுதான் உறைத்தது. அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். இரண்டு வருடங்களாக வேலை தேடிக்கொண்டிருந்தாள்.

காத்திருக்கும் அறையில் இருக்கும்போது அவளுடைய தொலைபேசி அடித்தது. லியோனிலிருந்து ஒரு காப்புறுதி நிறுவனம். வேலை கிடைத்துவிட்டது. மருத்துவச் செலவுகளில் எதைத் திருப்பிக் கொடுப்பது, எதைக் கொடுக்காமல் விடுவது என்று பார்க்கிற பிரிவு. அவள் அந்த இடத்திலேயே அம்மாவிடம் சொன்னாள்.

"எப்ப போகவேணும்?"

"ஏப்ரல் முதலாந் திகதி. ஆனா நீங்கள் இப்பிடி இருக்கேக்கை…"

"நான் எப்பிடி இருக்கிறன்? நல்லாத்தானே இருக்கிறன்," என்றார் இந்திராதேவி.

அப்போது பெயரைக் கூப்பிட்டார்கள்.

மருத்துவர் ஒரு பெண். நிதானமாக விளக்கினார். கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் எண்ணெய். அரசாங்கம் நடத்தும் பரிசோதனைத் திட்டம். சேர்ந்தவர்களுக்கு ஒரு சதமும் செலவில்லை. ஆனால் மற்ற மருந்து எதுவும் கேட்காத, தாங்கமுடியாத வலிக்காரருக்குத்தான். இந்த மாதக் கடைசியோடு புதியவர்களைச் சேர்ப்பது நின்றுவிடும். தன்னிடம் மிச்சமிருப்பது ஒன்றிரண்டு இடங்கள்தான். சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் அடிமட்டம் போன்ற ஒன்றை நீட்டினார். நடுவில் நகர்த்தக்கூடிய ஒரு முள். ஒரு முனையில் வலியே இல்லை, மறுமுனையில் நினைத்துப்பார்க்கக்கூடிய மிகப்பெரிய வலி.

இந்திராதேவி முள்ளைப் பிடித்தார். விரல் இரண்டுமுறை வழுக்கியது. மூன்றாம் தடவை நகர்த்தினார். மருத்துவர் அடிமட்டத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் பத்து வரை போட்டிருந்த எண்ணைப் பார்த்தார். நாலு.

"மோசமான நாட்களில் எவ்வளவு என்று கேளுங்கள்," என்றார் அஜந்தாவிடம்.

அவள் கேட்டாள்.

"நாலுதான் எண்டு சொல்லு."

அஜந்தாவுக்குப் பெருக்கத் தெரியும். எட்டு என்பது நாக்கில் வந்து நின்றது. அம்மா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், கூட்டாதே குறையாதே என்று சொல்லும் அதே பார்வை.

"கத்ர்," என்று பிரெஞ்சில் நாலைச் சொன்னாள் அஜந்தா.

மருத்துவர் எழுதினார். நாலு என்றால் இப்போதைய குளிசையையே அளவு மாற்றிப் பார்க்கலாம், அந்த இடத்தை இன்னொருவருக்கு வைத்திருக்கிறேன் என்றார். கதவு வரை வந்து கைகொடுத்தார். அவர் கை குளிர்ந்திருந்ததோ என்னவோ, இந்திராதேவி தன் கையைச் சட்டென்று இழுத்து மேலங்கிக்குள் விட்டுக்கொண்டார்.

"கஞ்சா எண்ணெயாமே," என்றார் வெளியே வந்ததும். "நல்லகாலம், தப்பினன்."

அஜந்தா லியோனுக்குப் போனாள். மாதத்தில் இரண்டு வாரஇறுதிக்கு வந்துபோனாள். ஒருமுறை அம்மா பிரிட்ஜைத் துவாயைச் சுற்றிய கையால் திறப்பதைக் கண்டாள். அன்று பின்னேரம் ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்துப் பக்கம், பச்சை இலை படம் போட்ட கடையொன்றில், போதை தராத வகை எண்ணெய் ஒரு சின்னப் போத்தல் வாங்கினாள். அறுபத்தொன்பது ஈரோ. சட்டப்படி விற்பது, ஆனால் மருந்தென்று கணக்கில்லை. ஆகவே யாரும் திருப்பித் தரமாட்டார்கள். அதை அவள் வேறு யாரிடமும் கேட்டறியத் தேவையில்லை. அப்படிப்பட்ட பற்றுச்சீட்டுகளை நிராகரிப்பதுதான் அவள் உத்தியோகம்.

தவரத்தினம் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "கஞ்சாவோ? இந்த வீட்டிலையோ? சாமித்தட்டுக்குப் பக்கத்திலை மட்டும் வைச்சிடாதையும். பிள்ளையார் ஏற்கெனவே தொந்தியும் தானுமாய் இருக்கிறார். பசியும் பிடிச்சுதெண்டால் நாங்கள் துலைஞ்சம்."

இந்திராதேவி சிரிக்கவில்லை. விலைத்துண்டைப் பார்த்தார். "ஒரு கிழமைச் சாமான் காசு," என்றார். பத்து நாளில் போத்தல் முடிந்தது. வலியில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. இன்னொன்று வாங்க அவர் விடவுமில்லை.

அந்த ஒக்டோபரில் தொலைபேசியில் அவராகவே சொன்னார். "நான் இப்ப ஒரு ஆளிட்டை எடுக்கிறன், பிள்ளை. நல்ல எண்ணெய். கை இப்ப பரவாயில்லை. நித்திரையும் வருது."

"ஆரிட்டை? எவ்வளவு?"

"கடைக்கு வாற ஒரு ஆள். இருபது ஈரோ."

அஜந்தா வழக்கம்போலப் பெருக்கினாள். மாதாமாதம் நாற்பது ஈரோ அனுப்பினாள். யார் அந்த ஆள் என்று மறுபடி கேட்கவில்லை. கேட்கக்கூடாதென்றும் நினைக்கவில்லை. கை பரவாயில்லை என்ற சொல்லோடு அந்த விஷயத்தை ஒரு அலுவலகக் கோப்பைப்போல மூடிவைத்துவிட்டாள்.

அடுத்த வருடம் நோய் திரும்பியது. ஈரலுக்குப் போயிருந்தது. இந்திராதேவி ஓகஸ்ட் கடைசிவரை வேலைக்குப் போனார். ஒக்டோபர் ஒன்பதாந் திகதி, விடியற்காலம் ஐந்து மணிக்கு இறந்தார். அஜந்தா முதல்நாள் இரவு கடைசி ரயிலில் வந்திருந்தாள். பத்திரங்களை அவளே நிரப்பினாள். இறந்தவருக்கு உங்களோடு என்ன உறவு என்ற கட்டத்தில் மகள் என்று எழுதிவிட்டு, எழுத்து நேராக வந்திருக்கிறதா என்று பார்த்தாள். அழுகை வரவில்லை. வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் காத்திருந்தாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குச் சாமான் எடுக்கக் கடைக்குப் போன அன்று துஷ்யந்தன் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இதை இப்ப கேக்கிறது சரியில்லை. ஆனா பிறகு கேட்டாலும் சரியில்லைத்தான். அக்காவின்ரை மீன் கணக்கு கொஞ்சம் நிக்குது."

"என்ன மீன்?"

துஷ்யந்தன் கொப்பியைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒன்றரைக் கிலோ அறக்குளா, நடுத்துண்டு. இருபத்திரண்டு ஈரோ. கிட்டத்தட்டப் பத்து மாதம். மாதம் நாற்பது கட்டியிருந்தார். நின்றது ஐந்நூற்று அறுபத்தெட்டு.

"அண்ணை, வெள்ளிக்கிழமை எங்கடை வீட்டிலை மச்சம் சமைக்கிறேல்லை."

"அதுதானே நானும் யோசிச்சனான்! வெள்ளிக்கிழமையும் மீனுமாய் நிண்டா, அக்கா வேதத்துக்கு மாறியிட்டாவோ எண்டு. ஒருநாள் பகிடிக்குக் கேட்டன். 'என்னக்கா, அடுத்த கிழமை கோயிலோ சேர்ச்சோ' எண்டு. வாளை நிப்பாட்டிப்போட்டு ஒரு பார்வை பாத்தா. அதோடை நான் வாயைத் திறக்கேல்லை." அவர் குரலைத் தாழ்த்தினார். "பை ஒரு பாண்டிச்சேரிக்காரருக்குத்தான் போறது. லூசியன் எண்டு, பொல்லூண்டி வாற வயசுபோன மனுசன். வெள்ளி நாலு மணிக்கு வருவார். இப்பவும் வந்து அக்காவை விசாரிக்கிறவர். எனக்குச் சொல்ல மனம் வரேல்லை."

அஜந்தா மீன்காசை வங்கி அட்டையால் கட்டினாள். அது பெரிய விஷயமாக இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மீன் பகுதியின் முன்னால் நின்றாள். அவளுடைய பைக்குள் ஒரு வெறும் போத்தல் இருந்தது. பிரிட்ஜில், புளி டப்பாவுக்குப் பின்னால், அம்மாவின் கம்பளிக் கையுறை ஒன்றுக்குள் அகப்பட்டது. நோயாளியின் பெயர் எழுதியிருந்த இடம் மட்டும் சுரண்டப்பட்டிருந்தது.

லூசியன் நெடிய மனிதர். முப்பத்தாறு வருடம் தபாலகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். அவள் யாரென்று சொன்னதும் தொப்பியைக் கழற்றினார். அம்மா இறந்ததைச் சொன்னதும் மறுபடி போட்டுக்கொண்டார். பக்கத்துத் தேநீர்க் கடையில் போய் உட்கார அவருக்கு வெகுநேரம் பிடித்தது. முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை செய்தபோது ஒரு நரம்பு கெட்டு, இடது கால் முழுக்க எரிச்சல் என்றார். அந்தப் பரிசோதனைத் திட்டத்தில் அவர் சேர்ந்திருந்தார். மாதாமாதம் எண்ணெய். இனாம்.

"உங்க அம்மா கையிலேருந்து ஒரு நாள் மீன் விழுந்துடுச்சும்மா. வஞ்சிரம். எடுக்கக் குனிஞ்சாங்க, எடுக்க முடியல. ரெண்டு கிளவ்ஸ் போட்ருக்காங்களேன்னு கேட்டேன். எல்லாம் சொன்னாங்க. எவ்வளவு வலின்னேன். ஒன்பதுன்னாங்க."

அஜந்தா கோப்பையைக் கீழே வைத்தாள். "ஒன்பதோ?"

"ஒன்பது. அப்போ டாக்டர் கிட்ட ஏன் நாலுன்னு சொன்னீங்கன்னு கேட்டா, 'பிள்ளை பக்கத்திலை இருந்தவள், ஐயா. அண்டைக்குத்தான் அவளுக்கு வேலை கிடைச்சது' அப்படின்னாங்க. நான் என்ன சொல்றது?"

லூசியன் சீனியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. நான் ஒன்பதுன்னு டாக்டருங்க கிட்ட சொல்லித்தான் உள்ள போனேன். எனக்கு அப்போ ஆறு இருக்கும். வாழ்க்கை பூரா கவுண்டர்ல உக்காந்தவன்மா நான். உள்ளதை எழுதினா காகிதம் நகராது, கொஞ்சம் கூடத்தான் போடணும். உங்க அம்மாவுக்கு யாரும் அதைச் சொல்லித் தரல. பாதிப் பாதியாப் பிரிச்சோம். கண்ணுக்கு விடுற மருந்து பாட்டில் இருக்கில்ல, அதுல ஊத்திக் குடுப்பேன். காசு வேணாம்னேன். 'சும்மா வாங்கமாட்டன்'னு மீனைக் குடுத்தாங்க. வெள்ளிக்கிழமை கத்தோலிக்கங்க நமக்கு மீன்தானே. வேணாம்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. நல்ல மீன்."

அஜந்தா பையிலிருந்து வெறும் போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். லூசியன் அதை உடனே அடையாளம் கண்டார்.

"இது முழு பாட்டில். கடைசியா வந்தாங்களே, ஆகஸ்ட்ல, அன்னிக்குக் குடுத்தது. இனிமே கடைக்கு வரமுடியாதுன்னாங்க. சரி, இதை முழுசா வச்சுக்கங்கன்னேன். கடனா வாங்கிக்கிறேன், செப்டம்பர்ல திருப்பித் தர்றேன்னாங்க. எங்கேருந்து தருவாங்கன்னு நானும் கேக்கல, அவங்களும் சொல்லல."

"ஆசுப்பத்திரியிலை உங்களுக்கு வேறை ஒண்டு தரேல்லையோ?"

"கீழ விழுந்து உடஞ்சிடுச்சுன்னேன். அடுத்த தேதிக்குத்தான்னு சொல்லிட்டாங்க. மூணு வாரம்." அவர் காலைத் தொட்டுக் காட்டினார். தொடவில்லை, தொடுவதுபோல் கையைக் கொண்டுபோனார். "அதுலேருந்து இது ஏறினது ஏறினதுதான். இப்போ நிஜமாவே ஒன்பது. டோஸ் கூட்டுங்கன்னு கேட்டா, 'போனமுறையும் ஒன்பது, இப்பவும் ஒன்பது, அப்போ மாற்றமில்லையே, மிஸ்யூ'ங்கிறாங்க. பத்துன்னு சொல்லலாம். அப்புறம் செத்தாத்தான் பதினொண்ணு." அவர் சிரித்தார். அடுத்த மேசையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்க்குமளவுக்குச் சிரித்துவிட்டு நிறுத்தினார்.

"நான் எவ்வளவு தரவேணும், அங்கிள்?"

"காசா? இனாமா வந்ததுக்கு எப்படிம்மா ரேட் போடுறது? பாட்டில்தான் வாங்கினாங்க. பாட்டிலாத் தந்தா வாங்கிக்கிறேன்."

அதைக் கேலியாகச் சொன்னாரா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. அவர் வெறும் போத்தலை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அங்கிருந்து அவள் ஸ்டாலின்கிராட் கடைக்கு நடந்தாள். அதே இலைப் படம். விற்கும் பெண்ணிடம் போத்தலில் படித்திருந்த மருந்தின் பெயரைச் சொன்னாள். அது ஆஸ்பத்திரிச் சாமான், மேடம், எந்த விலைக்கும் இங்கே இல்லை என்றாள் அந்தப் பெண். வேண்டுமானால் இது இருக்கிறது. அறுபத்தொன்பது ஈரோ இப்போது எழுபத்துநாலு ஆகியிருந்தது. வெளியே, மெட்ரோ பாலத்தின் தூணடியில், இரண்டு பேர் வேறு விதமாக விற்றுக்கொண்டிருந்தார்கள். அவள் கொஞ்சநேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்களிடம் இருப்பதும் அதுவல்ல. லூசியனின் கால் தாங்குவது எது, எத்தனை துளி என்பதெல்லாம் ஒரு காகிதத்தில் இருந்தது. அந்தக் காகிதத்தில் சேரும் வாசல் மூடியாயிற்று. மூடுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன், திறந்திருந்த வாசலில் நின்று நாலு என்று சொன்ன வாய் தன்னுடையது என்பதை அவள் ஒரு செய்தியைப்போல நினைத்துக்கொண்டாள். எட்டு என்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? அம்மாவுக்கு வருத்தம் வந்திருக்கும், எண்ணெயும் வந்திருக்கும். அல்லது மருத்துவர் அடிமட்டத்தைத்தான் நம்பியிருப்பார். இரண்டையும் மாறிமாறி வைத்துப் பார்த்தாள். எதுவும் அசையவில்லை. கை குளிர்ந்தபோதுதான் எவ்வளவு நேரமாக நிற்கிறோம் என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது தவரத்தினம் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். உணவகத்தில் கழுவிவிட்டு வந்தும் வீட்டிலும் அவர்தான் கழுவுகிறார்.

"அம்மா ஆருக்கும் ஏதும் குடுக்கக் கிடக்கோ, பிள்ளை? துஷ்யந்தன் ஏதோ சொன்னவனாம்."

"மீன்காசு. அது குடுத்திட்டன்."

"வேறை?"

"அந்த எண்ணெய் குடுத்தவருக்குக் கொஞ்சம்."

"கொஞ்சமெண்டால்? எவ்வளவு?"

அஜந்தா மேலங்கியைக் கழற்றாமல் கதவடியில் நின்றாள்.

"இருபது ஈரோ," என்றாள்.

தவரத்தினம் கையைத் துடைத்தார். காற்சட்டைப் பையிலிருந்து இருபது ஈரோ தாளொன்றை எடுத்து, நீவி, பிரிட்ஜ் கதவில் காந்தத்தைக் கொண்டு செருகிவைத்தார். "நாளைக்கே குடுத்திடு. போன ஆளின்ரை பேரிலை கடன் நிக்கக்கூடாது."

அவள் ஓம் என்றாள். ஞாயிறு லியோனுக்குத் திரும்பினாள். அதற்குப் பிறகு ஐந்து தடவை வீட்டுக்கு வந்துவிட்டாள். லூசியன் வெள்ளிக்கிழமைகளில் கடைக்கு வருவதில்லை என்று துஷ்யந்தன் சொன்னார். தாள் இன்னும் பிரிட்ஜ் கதவில்தான் இருக்கிறது.